அரஃபாவுல பேசினத யார் கேட்டு நமக்குச் சொன்னாங்க? (வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவ வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். அந்தக் காலத்து குத்பா, பேருரைன்னு நாம படிக்கிறதும் ஃபார்வர்ட் பண்றதும் நெசமாவே அப்படிப் பேசினதுதானா, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஆளாளுக்குக் கேட்டிருக்கீங்க. ஹஜ் மாசம் முடிஞ்ச நேரம்கிறதால இருக்கும். மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

மேலப்பாளையம் வாசகி: சொந்தக்காரங்க நிக்காஹ்ல வந்தவங்களுக்கெல்லாம் 'நபிகளாரின் இறுதிப் பேருரை'ன்னு ஒரு அழகான கார்டு குடுத்தாங்க. காலேஜ் படிக்கிற என் மகன் புகாரி, முஸ்லிம்னு ரெண்டு பெரிய ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புலயும் தேடிப் பாத்துட்டு, இப்படி ஒரு பேச்சு ரெண்டுலயும் இல்லம்மா, யாரோ எழுதினதுன்னு சொல்றான். மனசுக்கு சங்கடமா இருக்கு. இது பொய்யா?

பொய் இல்லம்மா, மனச கஷ்டப்படுத்திக்காதீங்க. ஆனா உங்க மகன் தேடிப் பாத்தானே, அதுக்கு அவனுக்கு என் துஆ. எங்க வீட்டுலயும் வாப்பா அந்தப் பேருரைய ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டி வெச்சிருந்தாங்க, சின்ன வயசுல அத பாத்துப் பாத்தே மனப்பாடம் ஆயிடுச்சு, பின்னாடி ஹதீஸ் படிக்கப் போனப்ப எனக்கும் இதே அதிர்ச்சிதான்.

விஷயம் என்னன்னா, கார்டுல இருக்கறது ஒரே பேச்சு இல்ல. ஹிஜ்ரி 10, அதாவது கி.பி. 632 மார்ச்ல நடந்த அந்த ஹஜ்ல நபி (ஸல்) அவங்க ஒரு தடவ மட்டும் பேசல. துல்ஹஜ் 9 மக்கா பக்கத்து அரஃபா மைதானத்துல பேசினாங்க, 10ஆம் நாள் மினாவுல பேசினாங்க, அதுக்கப்புறம் தஷ்ரீக் நாட்கள்லயும் (11, 12, 13) பேசினாங்க. கேட்டவங்க ஒவ்வொருத்தரும் தன் காதுல விழுந்தத, தன் மனசுல நின்னத தன் ஊர் மக்கள்கிட்ட சொன்னாங்க, அதெல்லாம் தனித்தனி ஹதீஸா தனித்தனி கிதாபுல, அதாவது புத்தகத்துல, பதிவாச்சு. கார்டு போட்டவங்க அத்தனையையும் எடுத்து ஒரே நூல்ல கோத்துட்டாங்க. முத்தெல்லாம் பெரும்பாலும் அசல்தான், மாலை மட்டும் பின்னாடி கட்டினது.

இப்ப கார்ட கையில வெச்சுக்கிட்டு வரி வரியா பாருங்க. "உங்க உயிரும் உங்க பொருளும் இந்த நாள், இந்த மாசம், இந்த ஊர் எப்படி புனிதமோ அப்படி புனிதம்" இது அரஃபா பேச்சு, ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) சொல்லி ஸஹீஹ் முஸ்லிம்ல இருக்கு. நமிராவுல கூடாரத்துல இருந்தது, சூரியன் சாஞ்சதும் கஸ்வா ஒட்டகத்துக்கு சேணம் கட்டச் சொன்னது, பள்ளத்தாக்குக்குள்ள வந்து பேசினது, கடைசியில ஆள்காட்டி விரல வானத்துப் பக்கம் தூக்கி மக்கள் பக்கம் இறக்கி "யா அல்லாஹ், நீயே சாட்சி"ன்னு மூணு தடவ சொன்னது, அவ்வளவையும் பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்றாங்க. இதே கருத்து மினாவுலயும் திரும்ப வந்திருக்கு, அத புகாரியில அபூபக்ரா (ரலி) சொல்றாங்க: "இது என்ன மாசம்?"னு கேட்டாங்களாம், வேற ஏதாவது புதுப் பேர் வைக்கப் போறாங்களோன்னு நாங்க நினைக்கிற அளவுக்கு அமைதியா இருந்தாங்களாம், அப்புறம் "துல்ஹஜ் இல்லையா?"ன்னாங்களாம். அந்த மௌனத்த கூட ஞாபகம் வெச்சு சொல்லிருக்காங்க பாருங்க. "இங்க இருக்கறவங்க இல்லாதவங்களுக்கு சொல்லுங்க, கேட்டவர விட சொல்லப்பட்டவர் நல்லா புரிஞ்சுக்கலாம்"ங்கிற வரியும் இதுலதான் வருது.

எல்லாருக்கும் பிடிச்ச வரி, "அரபிக்கு அரபி அல்லாதவர விட உயர்வு இல்ல, கறுப்பருக்கு சிவப்பர விட உயர்வு இல்ல, தக்வாவால (இறையச்சத்தால) தவிர". இது அரஃபாவுல சொன்னதுன்னு கார்டு சொல்லும், ஆனா நமக்கு வந்திருக்கிற அறிவிப்பு தஷ்ரீக் நாட்கள்ல நடு நாள் பேசினதுன்னு சொல்லுது. பஸ்ராக்காரர் அபூ நள்ரா, "அந்த பேச்ச நேர்ல கேட்ட ஒருத்தர் எனக்கு சொன்னார்"னு சொல்லி முஸ்னத் அஹ்மத்ங்கிற ஹதீஸ் தொகுப்புல இருக்கு. ஸஹாபி (நபித்தோழர்) பேர் இல்லையேன்னு உங்க மகன் கேப்பான். ஸஹாபாக்கள் எல்லாருமே நம்பகமானவங்கங்கிறது அஹ்லுஸ் ஸுன்னா, அதாவது ஸுன்னி அறிஞர்கள் முறை, அதனால பேர் தெரியாதது அந்த ஹதீஸுக்கு குறை ஆகாது, நம்ம காலத்து ஹதீஸ் ஆய்வாளர்கள் பலர் ஸஹீஹ், அதாவது சரியானதுன்னு சொல்லிருக்காங்க. புகாரியில இல்லாததெல்லாம் பொய்னு நினைக்கிறதும் தப்புதான், தம்பிகிட்ட இதையும் சொல்லுங்க.

வாரிசுக்கு வஸிய்யத் (உயில்) கிடையாதுங்கிறது அபூ உமாமா (ரலி) சொன்னது, திர்மிதி, அபூதாவூத்ங்கிற ஹதீஸ் தொகுப்புகள்ல இருக்கு. "ஷைத்தான் இந்த ஊர்ல வணங்கப்படுவதுல நம்பிக்கை இழந்துட்டான்"ங்கிற மாதிரி வர்றது அம்ரு இப்னுல் அஹ்வஸ் (ரலி) வழியா வருது. "இன்று உங்கள் மார்க்கத்தை உங்களுக்கு நிறைவாக்கினேன்"னு சில கார்டுல கடைசி வரியா போடறாங்க, அது பேச்சோட வரி இல்ல, குர்ஆன் ஆயத், அன்னைக்கு அரஃபாவுல இறங்கினது.

இது எல்லாத்தையும் விட எனக்கு வருத்தமான ஒண்ணு, கார்டுல விட்டுப்போனது. "ஜாஹிலிய்யா (இஸ்லாத்துக்கு முந்தின) காலத்து ரத்தப்பழி எல்லாம் தள்ளுபடி"ன்னு கார்டு போடுது, ஆனா ஜாபிர் (ரலி) சொன்னதுல அடுத்த வரியே "நான் முதல்ல தள்ளுபடி பண்றது எங்க வீட்டுப் பழிய, ரபீஆ இப்னு ஹாரிஸோட மகனுடைய பழிய"ன்னு இருக்கு. பனூ ஸஅத் கிட்ட பால் குடிக்க விட்டிருந்த பிள்ள, ஹுதைல் கூட்டத்தார் கொன்னுட்டாங்க. ரபீஆ நபியோட பெரியப்பா மகன், அதாவது செத்தது சொந்த ரத்தம். அடுத்து வட்டி, "நான் முதல்ல ரத்து பண்றது அப்பாஸ் இப்னு அப்துல் முத்தலிபுக்கு வரவேண்டிய வட்டிய". அது சொந்த சாச்சா. சட்டத்த முதல்ல தன் வீட்டுலயே போட்டுட்டுதான் ஊருக்கு சொன்னாங்க. கார்டுல இடம் பத்தலன்னு இந்த பேர்களத்தான் வெட்டறாங்க, ஆனா இந்தப் பேர்களாலதான் அந்தப் பேச்சு எனக்கு உயிரோட நிக்குது. பின்னாடி ஒருத்தர் உக்காந்து பொதுவா நல்ல கருத்து எழுதினா அதுல ஹுதைல் கொன்ன ஒரு பால்குடிப் பிள்ள வராது.

ஒரே தொடர்ச்சியான பேச்சா இருக்கற பழைய வடிவம் வேணும்னா அதுவும் இருக்கு, ஹிஜ்ரி 150 வாக்குல வஃபாத்தான (இறந்த) இப்னு இஸ்ஹாக் தன்னோட ஸீராவுல (நபி வரலாற்று நூல்ல) தந்தது, இப்னு ஹிஷாம் மூலமா நம்ம கைக்கு வருது. ஆனா அங்க அந்த நீளப் பேச்சுக்கு முழு ஸனத் (யார் யாருக்குச் சொன்னாங்கங்கிற அறிவிப்பாளர் வரிசை) கிடையாது. அதனால வரலாறா படிக்கலாம், ஒவ்வொரு வரியையும் ஹதீஸ் கிதாபோட ஒத்துப் பாத்துக்கணும். அவர் தர்ற ஒரு தகவல் எனக்கு ரொம்ப பிடிக்கும், கூட்டம் பெருசுங்கிறதால நபி சொல்றத ரபீஆ இப்னு உமையா இப்னு கலஃப்ங்கிறவர் உரக்கத் திருப்பிச் சொன்னாராம். மைக் இல்லாத காலம்.

திருச்சி வாசகர்: 200 வருஷம் கழிச்சு எழுதினதுதானே ஹதீஸ். போன வாரம் ஜும்ஆவுல (வெள்ளிக்கிழமைத் தொழுகையில) ஹஸ்ரத் பேசினதே எனக்கு ஞாபகம் இல்ல. எப்படி நம்பறது?

நேர்மையான கேள்வி. முதல்ல, 200 வருஷம் யாருமே எழுதலங்கிறது சரியில்ல. ஹிஜ்ரி 8ல மக்கா வெற்றி ஆனப்ப நபி (ஸல்) ஒரு குத்பா குடுத்தாங்க, அத கேட்டுட்டு யமன்ல இருந்து வந்த அபூ ஷாஹ்ங்கிறவர் எந்திரிச்சு "எனக்கு எழுதிக் குடுங்க"ன்னார், "அபூ ஷாஹுக்கு எழுதிக் குடுங்க"ன்னு நபி சொன்னாங்க. புகாரியில இருக்கு. எதை எழுதச் சொன்னாங்கன்னு கேட்டதுக்கு, அத அறிவிச்சவங்கள்ல ஒருத்தரான அவ்ஸாயீ "கேட்டாரே அந்த குத்பாவத்தான்"னு விளக்கமும் குடுத்திருக்கார். பேசின அன்னைக்கே பேப்பர்ல, சரி, அன்னைக்கு தோலோ என்னவோ, ஏறின ஒரு குத்பா இது.

ரெண்டாவது, இடையில எத்தன பேருன்னு எண்ணிப் பாருங்க. அரஃபா பேச்ச ஜாபிர் (ரலி) வயசாகி கண் தெரியாம போன காலத்துல, தன்ன தேடி வந்த ஒரு இளைஞருக்கு சொன்னாங்க. நீ யாருன்னு கேக்க, "முஹம்மத், அலியோட மகன், ஹுஸைனோட பேரன்"னு அவர் சொல்ல, சட்டைப் பொத்தான அவுத்து நெஞ்சுல கை வெச்சு "என் சகோதரர் மகனே, வா, வேணுங்கறத கேளு"ன்னாங்களாம். அந்த இளைஞர்தான் இமாம் பாகிர். அவர் தன் மகன் ஜஅஃபர் ஸாதிக்குக்கு சொன்னார், அவர் மதீனாக்காரர் ஹாதிம் இப்னு இஸ்மாயீலுக்கு, ஹாதிம், இப்னு அபீ ஷைபாங்கிறவருக்கு, அவர் ஸஹீஹ் முஸ்லிம தொகுத்த இமாம் முஸ்லிமுக்கு. முஸ்லிம் வஃபாத் ஹிஜ்ரி 261. நடுவுல அஞ்சே பேர், அஞ்சு பேரோட வாழ்க்கையும் ரிஜால் கிதாபுகள்ல இருக்கு, யார்கிட்ட படிச்சாங்க, ஞாபகசக்தி எப்படின்னு.

மூணாவது, உங்களுக்கு போன வார பயான் ஞாபகம் இல்லாததுக்கு காரணம் அத நீங்க யாருக்கும் திருப்பிச் சொல்லல. அவங்க சொன்னாங்க, திரும்பத் திரும்ப சொன்னாங்க, அந்த சமுதாயம் கவிதைய ஆயிரக்கணக்குல வாயாலயே சுமந்த சமுதாயம்.

அதுக்காக வார்த்தைக்கு வார்த்தை டேப் ரெக்கார்டர் மாதிரி வந்துச்சுன்னு நான் சொல்லல, ஹதீஸ் கலை ஆலிம்களும் அப்படி சொல்லல. கருத்து மாறாம வார்த்தை மாறலாம்னு அவங்கள்ல பெரும்பாலானவங்க அனுமதிச்சாங்க, அதனாலதான் ஒரே மினா பேச்சு அபூபக்ரா கிட்ட ஒரு மாதிரி, இப்னு அப்பாஸ் கிட்ட கொஞ்சம் வேற மாதிரி வருது. ஒருத்தர்கிட்ட மக்கள் பதில் சொல்லாம "அல்லாஹ்வும் ரஸூலும் அறிவாங்க"ன்னாங்க, இன்னொருத்தர்கிட்ட நேரா பதில் சொன்னாங்க. எனக்கு இது பலவீனமா தெரியல. ஒருத்தர ஒருத்தர் காப்பி அடிக்காத சாட்சிங்க இப்படித்தான் பேசுவாங்க, கரு ஒண்ணா இருக்கும் ஓரம் வேறயா இருக்கும். ஜெர்மன்ல ஹரால்ட் மோட்ஸ்கின்னு ஒரு ஆய்வாளர், முஸ்லிம் இல்ல, ஒரு செய்தியோட எல்லா அறிவிப்பாளர் வரிசையையும் எல்லா வாசகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டு எது எவ்வளவு பழசுன்னு கண்டுபிடிக்கிற முறைய வளர்த்தெடுத்தார். அதுக்கு முன்னாடி ஜோசஃப் ஷாக்ட் மாதிரி ஆளுங்க 1950ல ஸனத்கள்ல பெரும்பகுதி பின்னாடி ஒட்ட வெச்சதுன்னு எழுதினாங்க, எல்லாத்தையும் அப்படி மொத்தமா தள்ள முடியாதுன்னு மோட்ஸ்கி காட்டினார்.

"முன்னாடி நாங்க ஸனத் கேக்க மாட்டோம், ஃபித்னா (உள்குழப்பம்) வந்ததுக்கப்புறம் உங்க ஆளுங்க பேர சொல்லுங்கன்னு கேக்க ஆரம்பிச்சோம்"னு தாபியீ (ஸஹாபாக்களுக்கு அடுத்த தலைமுறை) இப்னு ஸீரீன் சொன்னது முஸ்லிமோட முன்னுரையில இருக்கு. பொய் வந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க, அதுக்குத்தான் இந்தக் கலையே.

கொழும்பு வாசகர்: "உங்களிடம் இரண்டை விட்டுச் செல்கிறேன்" என்பதுல ரெண்டாவது நபிவழியான ஸுன்னாவா, நபி குடும்பமான அஹ்லுல் பைத்தா? ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க, காக்கா.

இதுல சண்டை போடறவங்க பாதிப் பேர் கிதாப திறந்து பாக்கல தம்பி. முஸ்லிம்ல ஜாபிர் சொன்ன அரஃபா பேச்சுல ஒண்ணுதான் இருக்கு, அல்லாஹ்வின் வேதம். "வேதமும் ஸுன்னாவும்"னு வர்றது இமாம் மாலிக் தொகுத்த முவத்தாவுல இருக்கு, ஆனா அவங்க அத ஸனத் இல்லாம 'எனக்கு எட்டியது'ன்னுதான் சொல்றாங்க, ஹாகிமோட முஸ்தத்ரக் தொகுப்புல இப்னு அப்பாஸ் வழியா ஸனதோட வருது. "வேதமும் என் குடும்பத்தாரும்"ங்கிறது அரஃபாவுல சொன்னதா திர்மிதியில ஜாபிர் வழியா ஒண்ணு இருக்கு. உறுதியான இடம் எதுன்னா, ஹஜ் முடிஞ்சு மதீனா திரும்பற வழியில கும்முங்கிற நீர்நிலை பக்கத்துல பேசினது, ஸைத் இப்னு அர்கம் (ரலி) சொல்றாங்க, அதுவும் ஸஹீஹ் முஸ்லிம்லயே இருக்கு. அங்க வேதத்த பத்தி சொல்லிட்டு "என் வீட்டார் விஷயத்துல அல்லாஹ்வ நினைவூட்டறேன்"னு மூணு தடவ சொல்றாங்க. அந்த ஹதீஸ்ல ஸைத் முதல்ல என்ன சொல்றாங்க தெரியுமா, "எனக்கு வயசாயிடுச்சு, சிலத மறந்துட்டேன், நான் சொல்றத ஏத்துக்கங்க, சொல்லாததுக்கு என்ன கட்டாயப்படுத்தாதீங்க". இப்படி சொல்ற சாட்சிய நான் கண்ண மூடிட்டு நம்புவேன்.

ஸுன்னாவ பின்பத்தணுங்கிறதுக்கு குர்ஆன்லயே ஆதாரம் இருக்கு, அஹ்லுல் பைத்த நேசிக்க முஸ்லிம்லயே ஆதாரம் இருக்கு. ஒண்ண வெச்சு இன்னொண்ண அடிக்க ரெண்டும் சொல்லப்படல.

காயல்பட்டினம் வாசகி: ரமலான்ல முதல் பத்து ரஹ்மத் (அருள்), நடுப் பத்து மக்ஃபிரத் (மன்னிப்பு), கடைசிப் பத்து நரக விடுதலைன்னு சின்னதுல இருந்து கேட்டு வளந்தோம். ரமலானுக்கு முந்தின ஷஅபான் மாசக் கடைசி நாள் நபி பண்ணின குத்பான்னு சொல்வாங்க. இப்ப அது ளயீஃப், பலவீனமான ஹதீஸ்ங்கறாங்களே?

ஆமா, ளயீஃப்தான். ஸல்மான் (ரலி) சொன்னதா வர்ற நீளமான குத்பா அது, இப்னு குஸைமாவோட ஸஹீஹ்ல இருக்குன்னு பெருமையா சொல்வாங்க. ஆனா அந்த பாடத் தலைப்புலயே இப்னு குஸைமா "இந்தச் செய்தி சரியா இருந்தா"ன்னு போட்டிருக்கார், அத யாரும் சொல்றதில்ல. காரணம் அதுல வர்ற அலி இப்னு ஸைத் இப்னு ஜுத்ஆன். பொய் சொல்றவர் இல்ல, மனனம் பலவீனம், அதனால அவர் தனியா ஒண்ணு சொன்னா ஆலிம்கள் நிறுத்தி வெச்சிருவாங்க. ஹதீஸ் ஆய்வாளர் அபூ ஹாதிம் இந்த செய்தியவே முன்கர் (ஏற்க முடியாதது)னு சொல்லிட்டார்.

இன்னொண்ணும் யோசிங்க தங்கச்சி. திர்மிதியில வர்ற ரமலான் ஹதீஸ்ல நரகத்துல இருந்து விடுதலை பண்றது ஒவ்வொரு ராத்திரியும்னு இருக்கு. கடைசிப் பத்துக்கு மட்டும்னு பிரிச்சா முதல் ராத்திரியில அழுது கேக்கறவங்களுக்கு என்ன பதில்? ரஹ்மத்தும் மக்ஃபிரத்தும் முப்பது நாளும் திறந்திருக்கு. பள்ளியில துஆவ மூணு பத்தா பிரிச்சு ஓதறதப் பாத்து சண்டைக்கு போகாதீங்க, அந்த துஆக்களோட அர்த்தத்துல தப்பு இல்ல. "நபி சொன்னாங்க"ன்னு சேக்கறப்பதான் பயம் வரணும்.

அதிராம்பட்டினம் வாசகர்: ஷீஆ நண்பர் ஒருத்தர் நஹ்ஜுல் பலாகா பரிசா குடுத்தார். படிக்கப் படிக்க பிரமிப்பா இருக்கு. அலி (ரலி) அவங்களே பேசினதா?

நாலாவது கலீஃபா அலி (ரலி) ஷஹீதானது (கொல்லப்பட்டது) ஹிஜ்ரி 40ல, கூஃபாவுல. ஷரீஃப் ரளீ பக்தாத்ல இத தொகுத்து முடிச்சது ஹிஜ்ரி 400ல. நடுவுல 360 வருஷம், ஸனத் பெரும்பாலும் கிடையாது. அது ஏமாத்து வேலை இல்ல, பேர்லயே இருக்கு, பலாகா, சொல்வன்மை. அழகான பேச்ச திரட்டறதுதான் அவர் நோக்கம், அவர் கவிஞர், சட்டத்துக்கு ஆதாரம் திரட்ட உக்காரல. தஹபி மாதிரி ஸுன்னி அறிஞர்கள் இதுல பெரும்பகுதி அலி பேர்ல கட்டினதுன்னு கடுமையா சொல்லிருக்காங்க. ஆனா தொகுத்தவரே எழுதிட்டார்ங்கிற குற்றச்சாட்டு முழுசா நிக்காது, ஏன்னா ஜிஹாத் பத்தின குத்பா அவருக்கு 150 வருஷம் முந்தின எழுத்தாளர் ஜாஹிளோட கிதாப்லயே இருக்கு, இன்னும் சிலது அதுக்கும் பழைய வரலாற்று நூல்கள்ல இருக்கு. நம்ம நாட்டுலயே ராம்பூர் ரளா நூலகத்துல இருந்த இம்தியாஸ் அலி அர்ஷி, அவர் ஒவ்வொரு பகுதிக்கும் ரளீக்கு முந்தின நூல்கள்ல எங்க இருக்குன்னு உக்காந்து தேடினார். இப்படித்தான் பண்ணணும், முழுசா ஏத்துக்கறதும் முழுசா தூக்கி எறியறதும் ரெண்டும் சோம்பேறித்தனம்னு நான் நினைக்கிறேன். நீங்க படிங்க, மனசுல எடுங்க, ஆனா மேற்கோள் காட்டறப்ப "அலி அவங்க சொன்னதா நஹ்ஜுல் பலாகாவுல வருது"ன்னு சொல்லுங்க.

சென்னை வாசகர்: ஸ்பெயினுக்குப் படையெடுத்த தாரிக் இப்னு ஸியாத் கப்பல எரிச்சுட்டு "பின்னால் கடல், முன்னால் எதிரி"ன்னு பேசினது?

ஸ்பெயின் போனது உண்மை, ஹிஜ்ரி 92, கி.பி. 711. அந்தப் போர பத்தி எழுதின பழைய ஆள் இப்னு அப்துல் ஹகம், 871ல இறந்தவர், அவர்கிட்ட கப்பல் எரிப்பும் இல்ல அந்த உரையும் இல்ல. சொல்லப்போனா ஸியூட்டா ஆளுநர் ஜூலியனோட வியாபாரக் கப்பல்கள்லதான் படை கடந்ததுன்னு எழுதறார், அடுத்தவர் கப்பல எப்படி எரிக்கிறது? எரிச்ச கதை 12ஆம் நூற்றாண்டு புவியியலாளர் இத்ரீஸியோட நூல்ல வருது. நாம மேடையில கேக்கற முழு உரை 1632ல இறந்த வரலாற்றாசிரியர் மக்கரீ மூலமா பிரபலம். பெர்பர் தளபதி, கூட வந்தவங்களும் பெரும்பாலும் பெர்பர்கள், அவங்ககிட்ட அவ்வளவு அடுக்குமொழி அரபியில பேசினாரான்னு கேக்கறதும் நியாயம்தான்.

இதோட அபூபக்ர் (ரலி) கலீஃபா ஆனதும் பேசினத வெச்சுப் பாருங்க, "உங்களுக்கு பொறுப்பாளர் ஆக்கப்பட்டிருக்கேன், நான் உங்கள்ல சிறந்தவன் இல்ல". இப்னு இஸ்ஹாக், ஸுஹ்ரீ, அனஸ் (ரலி)னு வரிசையா வருது, இப்னு கஸீர் ஸனத் ஸஹீஹ்னு எழுதிட்டார். பேச்சும் சின்னது, அலங்காரம் இல்ல. மேடையில பேச ஆசைப்பட்டா இத பேசுங்க.

நாகூர் வாசகர்: அரஃபா நாள் வெள்ளிக்கிழமையாமே, அப்ப அந்தப் பேச்சு ஜும்ஆ குத்பாவா?

வெள்ளிக்கிழமைதான். ஒரு யூதர் உமர் (ரலி) கிட்ட வந்து, மார்க்கத்த நிறைவாக்கின அந்த ஆயத் எங்களுக்கு இறங்கிருந்தா அந்த நாள பெருநாளாக்கிருப்போம்னு சொன்னப்ப, "அது எந்த நாள், எந்த இடம்னு எனக்குத் தெரியும், நபி அரஃபாவுல நின்னப்ப, வெள்ளிக்கிழமை"ன்னு உமர் சொன்னது புகாரியில இருக்கு. ஆனா ஜும்ஆ தொழல. பேச்சு முடிஞ்சதும் பாங்கு சொல்லி, இகாமத் சொல்லி லுஹர் (மதியத் தொழுகை) தொழுதாங்க, திரும்ப இகாமத் சொல்லி அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுதாங்க, ரெண்டுக்கும் நடுவுல வேற எதுவும் தொழலன்னு ஜாபிர் (ரலி) சொல்றாங்க. அப்புறம் கஸ்வாவுல ஏறி கிப்லாவ நோக்கி சூரியன் மறையற வரைக்கும் நின்னாங்களாம், மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா போயி வட்டம் முழுசா மறையற வரைக்கும்.